பிள்ளைக்காரரை நல்லா பாக்கிற கொம்பனிக்கு அரசாங்கம் விருது குடுக்க வேணுமா?

வெள்ளவத்தை அம்மா:
ஜப்பான்ல பிள்ளை வளக்கிற ஆக்களுக்கு உதவுற கொம்பனிகளுக்கு 2007ல இருந்து அரசாங்கமே ‘குருமின்’ எண்டு ஒரு முத்திரை குடுக்குது. இங்க இலங்கையிலயும் அப்பிடி ஒண்டு வேணும். வேலை தேடுற பிள்ளையள் எந்த ஒஃபிஸ் நல்லது எண்டு வேற எப்பிடித் தெரிஞ்சுகொள்றது?

புறக்கோட்டை கடைக்காரன்:
தங்கச்சி, அது கிரெஷ், அதான் வேலை செய்யிற ஆக்களின்ர பிள்ளையளைப் பாக்கிற இடம், கட்ட இடமும் காசும் இருக்கிற பெரிய கொம்பனிக்குத்தான் போகும். என்ர துணிக்கடையில ஒன்பது பேர். போன வருசம் கவுண்டர்ல நிக்கிற பிள்ளைக்கு 84 நாள் பிரசவ லீவு, முழுச் சம்பளமும் என்ர கையால குடுத்தனான், அந்த இடத்துக்கு எடுத்த ஆளுக்கும் சம்பளம், அதுவும் தீபாவளி சீசன்ல. குடுத்தது பிழை எண்டு சொல்லேல்ல. ஆனா தனியார் துறையில அந்தக் காசு முழுக்க முதலாளியின்ர தலையிலதான், அதாலதான் புதுசா கலியாணம் கட்டின பிள்ளையை எடுக்க கனபேர் பயப்பிடுறாங்கள்.

மட்டக்குளி தகப்பன்:
எச்ஆர் நிரப்பி அனுப்புற ஃபோர்மை பார்த்துதானே விருது குடுப்பாங்க? அரச ஊழியருக்காவது 3 நாள் தகப்பன் லீவு இருக்கு, எங்களுக்கு சட்டத்துல ஒரு நாள் கூட இல்ல. மகள் சிசேரியன்ல பிறந்து ரெண்டாம் நாள், வைஃப் கட்டில்ல இருந்து எழும்ப முடியாம என் கையை பிடிச்சுக்கிட்டு இருந்தா, நான் அதை விட்டுட்டு வார்டு வாசல்ல நின்னு போன்ல சேல்ஸ் ரிப்போர்ட் சொன்னேன். முதல்ல சட்டத்தை மாத்தட்டும்.

வெள்ளவத்தை அம்மா:
சட்டம் இருந்தா மட்டும் காணாது. பிள்ளைக்கு ஒரு வயசு மட்டும் நாளுக்கு ரெண்டு தரம் பால் குடுக்க நேரம் தர வேணும் எண்டு சட்டம் இருக்கு, கிரெஷ் இல்லாட்டி ஒவ்வொரு தரமும் ஒரு மணித்தியாலம். கோட்டையில இருந்து காலி வீதி ட்ரஃபிக்ல வெள்ளவத்தைக்குப் போய் பால் குடுத்திட்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ள திரும்பி வர ஏலுமா? நான் ஸ்டேஷனரி றூமில நிண்டுதான் பால் எடுத்தனான், பூட்டு இல்ல, ஒரு காலால கதவை அண்டக்குடுத்துக்கொண்டு. அதனாலதான் சொல்றன், ஃபோர்மை விட்டிட்டு வேலை செய்யிற ஆக்களைத் தனியாக் கேட்டு விருது குடுக்கட்டும்.

புறக்கோட்டை கடைக்காரன்:
வாசிக்கவே மனசு கஷ்டமா இருக்கு. ஆனா விருதுக்கு முதல் ஒரு பொது நிதி வேணும், ஈபிஎஃப் கட்டுற மாதிரி எல்லா முதலாளியும் மாசாமாசம் கொஞ்சம் போட்டு அதில இருந்து லீவுச் சம்பளம் போகட்டும், ஆம்பிளையளை மட்டும் வேலைக்கு வச்சிருக்கிறவனும் போடத்தான் வேணும். நான் முதல் ஆளா கட்டுறன்.

மட்டக்குளி தகப்பன்:
அண்ணன் சொல்ற நிதிக்கு நானும் சரி, ஆனா அதுல அப்பாவுக்கும் நாள் இருக்கணும்.

வெள்ளவத்தை அம்மா:
நிதி வரட்டும் அண்ணா, அதுக்கு பார்லிமென்ட் போய் வர எத்தினை வருசமோ. கதவுக்கு ஒரு பூட்டுப் போட நாளைக்கே ஏலும், முத்திரை கிடைக்கும் எண்டாலாவது போடுவாங்கள்.