லூக்ட்ராவில் ஸ்பார்ட்டா விழுந்தது வியூகத்தாலா, ஆள் பஞ்சத்தாலா?

வடமுனை:
கி.மு. 371இல் கிரேக்க நகரமான தீபஸ் ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்த லூக்ட்ரா போர் என்றாலே 'ஸ்பார்ட்டாவில் ஆள் குறைஞ்சு போச்சு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். களத்தைப் பாருங்கள். கேடய அணியில் ஒவ்வொருவனும் வலப்பக்கத்துக்காரன் கேடயத்துக்குள் ஒதுங்குவான். அணியே வலப்பக்கம் சாயும். சிறந்த ஆட்களை வலக்கோடியில் வைப்பதுதான் வழக்கம். தீபஸ் தளபதி எபமினோண்டாஸ் அதைத் தலைகீழாக்கினார். தீபஸ் படையை இடக்கோடியில் 50 வரிசை ஆழத்துக்கு நிறுத்தினார். எதிரே ஸ்பார்ட்டா மன்னர் கிளியோம்புரோட்டஸ், 12 வரிசைக்கு மிகாமல். மன்னரே களத்தில் செத்தார்.

ஏட்டுக்கணக்கு:
ஆழம் புதுசில்லையே. கி.மு. 424இல் டீலியம் போரில் இதே தீபஸ்காரர்கள் 25 வரிசை நின்றார்கள். ஆழம் கூடினால் முகப்பு சுருங்கும், பக்கவாட்டில் வளைப்பது சுலபம். கிளியோம்புரோட்டஸ் அதற்குத்தான் முயன்றார். கெடுத்தது அவருடைய குதிரைப்படை. ஸ்பார்ட்டாவில் குதிரை வளர்ப்பவன் பணக்காரன். படை கிளம்பும்போது அதில் ஏறுகிறவன் உடல்வலு இல்லாதவன். தீபஸ் குதிரைவீரர்கள் விரட்டியதும் சொந்தக் காலாட்படைக்குள்ளேயே போய் விழுந்தார்கள்.

வடமுனை:
சரி, ஆனால் அணி விரிந்துகொண்டிருந்த அந்த நேரம் பார்த்து இன்னொரு தீபஸ் தளபதி பெலோபிடாஸ் 'புனிதப் படை' என்ற 300 தேர்ந்த வீரர்களோடு ஓடிவந்து மோதினாரே? அது தளபதிகளின் திறமை இல்லையா?

ஏட்டுக்கணக்கு:
திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தோல்வியோடு எழுந்திருக்கவே முடியாமல் போனது ஏன்? 479இல் பாரசீகத்தை எதிர்த்து நடந்த பிளாட்டேயா போருக்கு 5,000 முழுக் குடிமக்கள் போனதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்கு. லூக்ட்ராவில் இருந்தவர்கள் 700 பேர், மாண்டவர்கள் 400. காரணம் பொதுப்பந்தி, அதாவது குடிமக்கள் பங்கு போட்டுச் சேர்ந்து சாப்பிடும் ஏற்பாடு. ஒவ்வொருவனும் மாதாமாதம் தர வேண்டியது, பழைய கிரேக்க அளவுகளில், ஒரு மெடிம்னோஸ் வாற்கோதுமை மாவு, எட்டு கோயஸ் திராட்சை மது, ஐந்து மினா பாலாடைக்கட்டி, இரண்டரை மினா அத்திப்பழம், கொஞ்சம் காசு. கொடுக்க முடியாதவனுக்குக் குடியுரிமை போச்சு. நிலத்தை விற்பது இழுக்கு. தானமாகவோ உயில் எழுதியோ கொடுக்கலாம். அந்த ஓட்டை வழியாக நிலமெல்லாம் சில குடும்பங்களிடம் சேர்ந்தது.

மூன்றாம்வரிசை:
இடையில் வருகிறேன். ஆள் பஞ்சம்தான் காரணமென்றால் 404இல் ஏதென்ஸை எப்படிப் பணியவைத்தார்கள்?

ஏட்டுக்கணக்கு:
பாரசீகப் பணத்தில் கப்பல், கூலிக்குத் துடுப்புக்காரர்கள். பஞ்சம் அதற்கு முன்பே தெரியும். 425இல் ஸ்பாக்டீரியா தீவில் ஏதென்ஸ் முற்றுகையில் சிக்கிய 420 பேருக்காகவே சமாதானம் கேட்டார்கள். கடைசியில் பிடிபட்ட 292 பேரில் முழுக் குடிமக்கள் சுமார் 120.

வடமுனை:
அப்படிப் பார்த்தாலும், ஸ்பார்ட்டா பிடித்து வைத்திருந்த மெசேனியா பகுதி? அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் எபமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவின் சொந்தப் பகுதியான லகோனியாவுக்குள் புகுந்தார், 369இல் இதோமி மலையடியில் மெசேனி நகரம் எழுந்தது. ஸ்பார்ட்டாவுக்கு உழுதுபோட்ட ஹெலட்டுகள் என்ற பண்ணையடிமைகளும் வயலும் கைவிட்டுப் போயின. பந்திக்கு மாவே இல்லாமல் செய்தது படையெடுப்பு, உயில் சட்டமல்ல.

ஏட்டுக்கணக்கு:
மெசேனியா பெரிய அடி, அதில் உங்கள் பக்கம். ஆனால் அதற்கு முன்பே, லூக்ட்ராவில் உயிர் தப்பியவர்களுக்கு என்ன நடந்தது? களத்தில் நடுங்கியவனுக்கு உரிமை கிடையாது என்பது சட்டம். அதை அமல்படுத்தினால் மிச்சமிருப்பவர்களையும் இழக்க வேண்டும். இன்று ஒருநாள் சட்டம் தூங்கட்டும் என்று ஸ்பார்ட்டாவின் இன்னொரு மன்னர் அகேசிலாஸ் விட்டுவிட்டார்.