சர்க்கரை மாத்திரையை இரண்டு முறை விழுங்கிவிட்டால் கரி மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். எழுபது வயதான என் மாமனார், காலையில் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டதை மறந்து ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்றையும் விழுங்கிவிட்டார். மருத்துவமனையில் மறுநாள் காலை வரை வைத்துக் கவனித்தார்கள். நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை. வாயுத்தொல்லைக்காக அவர் வைத்திருக்கும் ஆக்டிவேட்டட் சார்கோல் மாத்திரை வயிற்றிலுள்ள மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்களே, மறுபடி இப்படி நேர்ந்தால் அதை உடனே கொடுக்கலாமா?

பதில் 1 (அவசரப் பிரிவு மருத்துவர்):
வீட்டில் கொடுக்க வேண்டாம். கரியின் நுண்துளைகளில் கிளிமிபிரைடு வகை மருந்துகள் ஒட்டிக்கொள்வது உண்மைதான். ஆனால் இரத்தத்தில் கலந்துவிட்டதை அது மீட்டுத் தராது என்பதால், விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பெரும்பாலும் பயன். அளவும் வேறு. பெரியவர்களுக்கு நாங்கள் கொடுப்பது சுமார் 50 கிராம் தூள். 250 மில்லிகிராம் மாத்திரையில் அதை எட்ட 200 மாத்திரை வேண்டும். சர்க்கரை இறங்கி அரைமயக்கத்தில் இருப்பவர் கரிக்கரைசலை வாந்தியெடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்பதே என் பெரிய அச்சம். குளுக்கோமீட்டரில் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, உணவும் கொடுத்து, அழைத்து வாருங்கள். ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும். உங்கள் மாமனாரை மறுநாள் வரை வைத்திருந்தது அதனால்தான். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் கிளிமிபிரைடு மாத்திரையைப் பூட்டியே வையுங்கள், ஒன்றே அவர்களின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

பதில் 2 (மருந்தாளுநர்):
எனக்கு வேறொரு கவலை. வாயுவுக்காக உணவோடு கரி எடுப்பவருக்கு, அதே வேளையில் போடும் சர்க்கரை மாத்திரையும் கரியோடு வெளியேறிவிடலாம். இரத்தச் சர்க்கரை அளவு ஏன் கூடுகிறது என்று தெரியாமல் மருந்தைக் கூட்டுவார்கள். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரமாவது வேண்டும். குடலுக்குள்ளேயே வேலை செய்யும் அகார்போஸ் என்ற சர்க்கரை மருந்தை எடுப்பவர்கள் கரியைத் தவிர்ப்பதே சரி. அவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும், சாதாரணச் சர்க்கரை மெதுவாகவே செரிக்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அவர் மெட்ஃபார்மினும் எடுக்கிறார்; அது கூடுதலாகப் போனாலும் சர்க்கரை இப்படித்தான் இறங்குமா?

பதில் 1:
மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அவ்வளவாக இறக்காது. அளவு மிகவும் மீறினால், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும். கடுமையானால் டயாலிசிஸ் செய்வோம். வாந்தியோ மூச்சு வாங்கலோ தெரிந்தால், குளுக்கோமீட்டர் நல்ல அளவைக் காட்டினாலும் காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.