செடிகொடிச் சட்டமாம்! எங்கே, எண்ணைச் சொல்லுங்கள்

வாசுகி_சிட்னி:
சனிக்கிழமை கதிர் எழுதியது இது: "1967 வரை ஆஸ்திரேலிய ஆதிக்குடிகள் செடிகொடி விலங்குச் சட்டத்தின் கீழ் இருந்தார்கள். மனிதர்களாகவே எழுதிவைக்கவில்லை. அவர்கள் குடும்ப வரலாறு தேடினால் ஒரு காகிதம்கூடக் கிடைக்காது." அப்படி ஒரு சட்டமே கிடையாது. 1967 வாக்கெடுப்பில் நீக்கியது அரசியல் சாசனத்தின் 127ஆம் பிரிவை. மக்கள்தொகையைக் கூட்டும்போது ஆதிக்குடிகளைச் சேர்க்காதே என்றது அது. 51ஆம் பிரிவிலும் சில சொற்களை எடுத்தார்கள். அப்புறம், காகிதம் கிடைக்காதாம்! என் மருமகள் ஆதிக்குடிப் பெண். அவள் கொள்ளுப்பாட்டியைத் தேடி நான்கு வருடமாக அவளோடு அலைகிறேன். அரசாங்கம் போர்வை கொடுத்ததைக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள்.

கதிர்:
அக்கா, தலைக்கணக்கில் சேர்க்காதவனுக்கு என்ன பெயர்? செடிதானே? 100க்கு 90 பேர் 'ஆம்' என்று வாக்குப் போட்டது வேறு எதற்காம்?

வாசுகி_சிட்னி:
தம்பி, சட்டம் என்று சொன்னது நீங்கள். எந்த வருடம், என்ன எண்?

கணக்குப்பிள்ளை:
127ஐ வைத்துக்கொண்டு எண்ணவே இல்லை என்பதும் தப்பு. எண்ணினார்கள், பிறகு கழித்தார்கள். அதுவும் பாதிக்கு மேல் ஆதிக்குடி ரத்தம் என்று தோன்றியவர்களை மட்டும்.

கதிர்:
ரத்தத்தை அளந்து கழித்தானாம், ஆனால் கேவலப்படுத்தவில்லையாம். நல்ல கணக்கு ஐயா.

கணக்குப்பிள்ளை:
நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

மதுரை மைந்தன்:
மதுரைப் பக்கத்து ஊரில் ஒருவரிடம் எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது, அதே அடையாளம் ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளிடமும் இருக்கிறது. நம் பங்காளிகள்தான். குமரிக்கண்டம் என்றால் சிரித்தீர்களே!

வாசுகி_சிட்னி:
இன்றும் சிரிக்கிறேன். ஒருவரை ஆதிக்குடி என்று ஏற்க வம்சம் வேண்டும், தானே அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டும், அந்தச் சமூகமும் ஏற்க வேண்டும். எச்சில் துப்பிக் குப்பியில் அனுப்பினால் ஆகாது.

காகிதத்துக்கு வருகிறேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஆதிக்குடிகள் பாதுகாப்பு வாரியம் நீதிமன்றம் போகாமலே பிள்ளைகளைத் தூக்கலாம் என்று 1915இல் சட்டத்தைத் திருத்தினார்கள் (இதுதான் சட்டம் கதிர், வருடத்தோடு). கொள்ளுப்பாட்டியைப் பதிந்த பக்கத்தைப் பார்த்தேன். பெயர் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் கட்டம் காலி. எடுத்த காரணம் என்ற கட்டத்தில் "கவனிப்பாரற்றவள்". அதே காகிதக் கட்டுக்குள், பிள்ளையைத் திருப்பிக் கேட்டுத் தாய் எழுதிய கடிதங்கள் மூன்று. கவனிக்காத தாய்க்குத் தபால்தலைக்குக் காசு எங்கிருந்து வந்தது? பிள்ளையைக் ஆதிக்குடிப் பெண்பிள்ளைகளுக்கான கூட்டமண்ட்ரா விடுதிக்கு அனுப்பி, வீட்டுவேலை பழக்கி, வெள்ளையர் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்பினார்கள். காகிதம் இல்லை என்பதா பிரச்சினை? எழுதினவன் யார் என்பதுதான். 1938-39இல் மானிடவியலாளர் நார்மன் டிண்டேல் ஊர் ஊராகப் போய் வம்சாவளி வரைந்தார், நேரே ஒன்று பக்கவாட்டில் ஒன்று என்று முகத்தைப் படமெடுத்தார். அன்றைக்கு இனஆய்வுக்காக எடுத்தது. மருமகளின் அத்தை வீட்டில், பாட்டியின் ஒரே படம் என்று அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நான் கண்ணால் கண்ட சட்டம் அது ஒன்றுதான்.

கதிர்:
உருக்கமாக எழுதுகிறீர்கள் அக்கா. நீங்கள் சிட்னியில் வீடு வாங்கிய மண் யாருடையது? போன வருடம் நிலம் பற்றிய விவாதத்தில் இதே கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

வாசுகி_சிட்னி:
ஓடவில்லை, ஊருக்கு வந்திருந்தேன். எண் என்ன?

மதுரை மைந்தன்:
எம்130க்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கதிர்:
அங்கே பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆயிரம் பேர் சொல்வது பொய்யா? நேரம் கிடைக்கும்போது இணைப்புத் தருகிறேன்.

வாசுகி_சிட்னி:
சனிக்கிழமையிலிருந்து இதையேதான் சொல்கிறீர்கள்.