ஆட்டு இதயம் சுருங்கிக் கறுத்துவிட்டது, சிலிக்கன் உள்ளே போகவில்லை

உயிரியல் ரீச்சர், கிளிநொச்சி:
உயர்தரப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆட்டு இதயம் ஒன்றைப் பதப்படுத்துகிறேன். போமலினில் ஊறவைத்துக் கழுவி, அசற்றோனில் போட்டு, ஹாட்வெயார் கடைக் குழாய்ச் சிலிக்கனைக் கரைத்து அதில் அமிழ்த்தினேன். வெளியே படலம் கட்டிவிட்டது, அழுத்தினால் உள்ளே பிசுபிசுப்பு. நன்றாகச் சுருங்கி, விளிம்பெல்லாம் கறுப்பு. வால்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எங்கே பிழைக்கிறது?

முறிகண்டியான்:
ரீச்சர், புளிச்ச மணம் வரும் அந்தச் சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும் சாமான். படலம் கட்டியதும் வழி அடைபட்டுவிடும். நீங்கள் செய்யப் பார்ப்பது பிளாஸ்ரினேசன், அதாவது உறுப்பின் தண்ணீரை எடுத்துவிட்டுச் சிலிக்கனை நிரப்பிப் பதப்படுத்துவது. ஜெர்மன் உடற்கூற்றியலாளர் குந்தர் வொன் ஹாகன்ஸ் 1977இல் ஹைடல்பேர்க்கில் தொடங்கிய அந்த முறையின் சூட்சுமமே வெற்றிடம்தான். அசற்றோன் ஊறிய உறுப்பைத் திரவச் சிலிக்கனில் அமிழ்த்தி, காற்றை மெல்ல உறிஞ்சுவார்கள். வழக்கமாக 56 பாகையில் கொதிக்கும் அசற்றோன், அமுக்கம் குறைந்தால் குளிரிலேயே குமிழ் குமிழாக வெளியேறும். அது விட்ட இடத்தில் சிலிக்கன் புகும். இறுக்குவது கடைசி வேலை. பம்பை அவசரப்படுத்தினாலும் உறுப்பு சுருங்கும், குமிழைப் பார்த்துத்தான் கூட்டவேண்டும்.

நெடுங்கேணி:
சுருக்கத்துக்கு எனக்கு அசற்றோன் கட்டத்திலும் சந்தேகம். அதை −25 பாகையில் செய்வது சும்மா இல்லை, எங்கள் வெக்கையில் தசை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை புது அசற்றோன் மாற்றி, அடர்த்தி அளக்கும் நீரமானியால் பார்க்கவேண்டும். வால்வு ஒட்டாமலிருக்க, போமலினுக்கு முன்பே இரத்தக்கட்டியைக் கழுவி அறைகளுக்குள் பஞ்சு அடையுங்கள்.

உயிரியல் ரீச்சர், கிளிநொச்சி:
வீட்டு ஃபிரிட்ஜின் பிறீசருக்குள் வைக்கலாமா? பம்புக்கு ஏசி திருத்துபவரைக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

முறிகண்டியான்:
ஐயோ, வேண்டாம்! அசற்றோன் ஆவி −20 பாகையிலேயே தீப்பற்றக்கூடியது. ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு பொறி போதும். ஏசி பம்பின் மோட்டரும் அப்படித்தான். பொறி வராதபடி செய்த ஆய்வுகூட உறைகுளிரூட்டி இல்லாமல் இதில் இறங்கவேண்டாம். அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விசாரித்துப் பாருங்கள், பக்கத்தில்தானே.

நெடுங்கேணி:
பள்ளிக்கூடத்துக்குக் கிளிசரினே போதும் என்பது என் எண்ணம். போமலினில் பதமானதை நன்றாகக் கழுவி, அற்ககோலில் தண்ணீரை இறக்கி, கிளிசரினில் ஊறவைத்து வடியவிடுங்கள். மெத்தென்று இருக்கும், கையுறை போட்டு விரித்துக் காட்டலாம். ஈரத்தை இழுக்கும், மாரியில் மூடி வையுங்கள்.

உயிரியல் ரீச்சர், கிளிநொச்சி:
சரி, கிளிசரினே செய்கிறேன். பெருநாடியை ஒட்ட நறுக்காமல் நீளமாக விட்டுத் தரும்படி இறைச்சிக் கடைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.