சியர்லீடிங்: கீழே நின்று தூக்கியவர்கள், மேலே ஏறியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மதுரைக்காரி:

சியர்லீடர் என்றாலே 2008-ல் ஐபிஎல் வந்தபோது பவுண்டரிக்குப் பவுண்டரி ஆடிய பெண்கள்தான் நம் ஊரில் பலருக்கும் ஞாபகம். அப்பாவின் வேலைக்காக டெக்சாஸ் போய் அங்கே பத்தாம் வகுப்பு சேர்ந்த நானும், டான்ஸ்தானே என்று நினைத்துப் பெயர் கொடுத்தேன். டான்ஸ் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் ஆளைத் தூக்குவதும் பிடிப்பதும்.

நான் உயரம் என்பதால் பேக் ஸ்பாட். குழுவுக்கு நாலு பேர்: இரண்டு பக்கமும் கீழே நின்று தூக்குகிற பேஸ், மேலே ஏறுகிற ஃப்ளையர், பின்னால் நின்று பிடிக்கிற நான். முதல் இரண்டு வாரம் தை ஸ்டாண்ட் மட்டும்தான். பேஸ்கள் ஒரு காலை மடக்கி நிற்க, ஃப்ளையர் அவர்கள் தொடையில் ஏறி நிற்பாள். பாதத்தை இடுப்பை ஒட்டி வைக்க வேண்டும். முழங்கால் பக்கம் வைத்தால் கீழே இருப்பவள் அலறுவாள்.

அப்புறம் எலிவேட்டர். பேஸ்கள் குந்தி, கையை ஏந்திக் காத்திருப்பார்கள். ஃப்ளையர் அவர்கள் தோளில் கை ஊன்றிக் குதித்து, அந்தக் கைகளில் பாதம் வைப்பாள். பேஸின் ஒரு கை குதிகாலில், இன்னொன்று பாதத்தின் முன்பக்கம். நான் இடுப்பைப் பிடித்துக் கிளப்பிவிட்டு, அவள் எழுந்ததும் சட்டென்று கணுக்காலுக்கு மாறி, மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். தோள் உயரத்தில் நின்றால் எலிவேட்டர், பேஸ்கள் கையை முழுசாக நீட்டிவிட்டால் எக்ஸ்டென்ஷன். பலமெல்லாம் காலில்தான். நம் ஊரில் மூட்டை தூக்குகிறவர்கள் முதுகை வளைக்காமல் குந்தி எழுவார்களே, அதேதான்.

எண்ணுவது என் வேலை. “ஒன், டூ, டவுன், அப்.” ஒருநாள் ‘டவுன்’ சொன்னதும் தும்மிவிட்டேன். இடது பேஸ் அதையே ‘அப்’ என்று எடுத்துக்கொண்டு எழுந்தாள், வலது பேஸ் குந்தியபடியே இருந்தாள். ஃப்ளையர் சாய்ந்து வந்து, அவள் முழங்கை நேராக என் மூக்கில். ரத்தம் சட்டையெல்லாம். கட்டிப்பிடித்தபடி இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். கோச் ஓடிவந்து முதலில் பார்த்தது அவள் தலையை. “தரையில் படவில்லையே?” என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் எனக்கு ஐஸ் கொடுத்தார். அப்போது கோபமாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர் செய்தது சரி.

முன்னாள் ஃப்ளையர்:

அக்கா, உங்கள் மூக்குக்கு எல்லா ஃப்ளையர்கள் சார்பிலும் மன்னிப்பு! நாங்கள் என்னவோ மேலே போய்ச் சிரிக்கிறோம் என்று நினைக்கிறார்கள். முழங்காலைப் பூட்டி, வயிற்றை இறுக்கி, உடம்பை ஒரே கட்டையாக வைத்துக்கொள்ளாவிட்டால் கீழே இருப்பவர்களால் தாங்கவே முடியாது. ஒரு முறை காலைக் குனிந்து பார்த்தால் போதும், மொத்தமும் முன்னால் சரியும்.

எனக்குப் பயம் கிரேடில்தான். மேலிருந்து விடும்போது கால்களைச் சேர்த்து நீட்டி, மல்லாந்து பேஸ்களின் கைகளில் விழ வேண்டும். பேக் ஸ்பாட் அக்குளுக்குக் கீழே பிடித்துக்கொள்வார். முதல் தடவை தரையை ஊன்றக் கையை நீட்டி, மணிக்கட்டு பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டேன். ஒற்றைக் காலில் நிற்கிற லிபர்ட்டிக்கு வீட்டில் தக்காளி டின் மேல் ஏறிப் பழகினேன். அம்மா ரசத்துக்கு டின்னைத் தேடுவார், நான் அதன் மேல் நின்றுகொண்டிருப்பேன்.

டாலஸ் அம்மா:

என் மகளுக்கு 12 வயது, சேர வேண்டும் என்கிறாள். ஆளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற பாஸ்கெட் டாஸ் வீடியோவைப் பார்த்ததிலிருந்து அவள் அப்பா முடியவே முடியாது என்கிறார்.

மதுரைக்காரி:

எடுத்ததுமே அதைச் செய்யவிட மாட்டார்கள். பள்ளி அணிகள் கூடைப்பந்து மைதானத்தின் கட்டாந்தரையில் அதைச் செய்யவே கூடாது என்று விதி இருக்கிறது. மெத்தையோ புல்தரையோ வேண்டும். நீங்கள் ஒருநாள் பயிற்சியைப் போய்ப் பாருங்கள். தை ஸ்டாண்டிலேயே தள்ளாடுகிற குழுவை எக்ஸ்டென்ஷனுக்கு அவசரப்படுத்துகிற கோச் என்றால் சேர்க்காதீர்கள். அப்புறம், கம்மல், செயின், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அனுப்புங்கள். என் காதிலிருந்த வளையம் ஒருநாள் ஃப்ளையரின் ஷூ நாடாவில் மாட்டிக்கொண்டது. இப்போதும் அந்தக் காதில் கம்மல் போடுவதில்லை.