கண்ணாடி மாதிரி ஒரு கல், என்ன கனிமம்? அவசரம்

செவந்தி அப்பா:
வணக்கம். மகளுக்குத் திங்கட்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. என் மச்சான் ஊரிலிருந்து ஒரு கல் கொண்டு வந்து கொடுத்தார், கண்ணாடி மாதிரி இருக்கிறது. பெயர்ச்சீட்டில் கனிமத்தின் பெயரும் அது எந்த வகை என்பதும் எழுத வேண்டுமாம். படம் ஏற்ற முடியவில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

மலையடிவாரம்:
எந்த ஊர் சார்? எவ்வளவு பெரியது? நிறம் இருக்கிறதா? முழுப் படிகமா, உடைந்த துண்டா? வயலில் கிடைத்ததா, பாறையில் உடைத்து எடுத்ததா?

குவாரிக்காரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது, குவார்ட்ஸ்தான். காங்கேயம், கரூர் பக்கம் காட்டில் நடந்தாலே காலில் இடறும். வகைக்குச் சிலிகேட், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் அடிப்படையான கனிம வகை, என்று எழுதிவிடுங்கள்.

ராணிப்பேட்டை லதா:
குவார்ட்ஸ் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? கால்சைட்டும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அண்ணா, ஒரு தாளில் கோடு போட்டு அதன்மேல் கல்லை வையுங்கள். கோடு இரண்டாகத் தெரிந்தால் தெளிவான கால்சைட். 1669லேயே டென்மார்க் அறிஞர் பார்த்தோலின் ஐஸ்லாந்துக் கல்லில் பார்த்து எழுதியது இது. நான் முதலில் செய்யும் சோதனையும் இதுதான்.

மூன்றாம் தளம்:
இந்தப் பகுதியில் மாதம் நாலு பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். 'கண்ணாடி மாதிரி' என்பது மிளிர்வு மட்டும்தான். குவார்ட்ஸ், கால்சைட், புஷ்பராகம், பெரில் எல்லாமே அப்படித்தான் மிளிரும். கடினத்தன்மை, பிளவு (தட்டையான தளங்களில் பிரிவது), அடர்த்தி, உராய்வுத் தூளின் நிறம், இவற்றைச் சொல்லாமல் பெயர் கேட்பதும் தவறு, பெயர் சொல்வதும் தவறு. கல்லூரி முதலாண்டில் முதல் வாரம் சொல்லித்தருவது இது.

மலையடிவாரம்:
அவர் கல்லூரியில் இதைப் படிக்கவில்லை சார், பிள்ளைக்காகக் கேட்கிறார். செவந்தி அப்பா, ஊர்ப் பெயரை மட்டுமாவது சொல்லுங்கள்.

செவந்தி அப்பா:
மன்னிக்கவும், கடையில் இருக்கிறேன். கோடு இரண்டாகத் தெரியவில்லை. நிறமில்லை. உள்ளங்கை அளவு. ஓரத்தில் தட்டுத் தட்டாக உரிகிறது. ஜன்னல் கண்ணாடியில் உரசிப் பார்த்தேன், வெள்ளைக் கோடு விழுந்தது.

குவாரிக்காரன்:
முடிந்தது. 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் கண்ணாடியின் கடினத்தன்மை ஏறத்தாழ 5.5. அதைக் கீறுகிறது என்றால் குவார்ட்ஸ், 7. கால்சைட் வெறும் 3, கண்ணாடியை ஒன்றும் செய்யாது.

அப்பிரகம்:
தட்டுத் தட்டாக உரிகிறது என்கிறாரே, அதைக் கவனிக்கவில்லையா? குவார்ட்ஸுக்குப் பிளவே கிடையாது, சிப்பி வடிவில் வளைந்து உடையும். உரிவது காக்காப்பொன், அதாவது மைக்கா. நெல்லூர்ப் பக்கம் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது, எனக்குத் தெரியும்.

மூன்றாம் தளம்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். கண்ணாடியில் கோடு விழுந்தது என்றால் கண்ணாடி கீறியது என்று அர்த்தமில்லை. மென்மையான கல்லை அழுத்தி உரசினால் கல்லின் தூள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பார்க்க வெள்ளைக் கீறல் போலவே இருக்கும். ஈர விரலால் துடையுங்கள். அழிந்தால் தூள். அழியாமல் நகத்தில் தட்டுப்பட்டால் கீறல். முதல்முறை சோதிப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்து, கல்லையே விரல் நகத்தால் கீறுங்கள். நகம் 2.5க்குக் கொஞ்சம் கீழே. அதில் கீறல் விழுந்தால் கல் 2 அளவில் இருக்கிறது, குவார்ட்ஸும் கால்சைட்டும் இரண்டுமே வெளியே. மைக்காவும் சில சமயம் நகத்துக்கு விட்டுக்கொடுக்கும், அதனால் மெல்லிய தகடு ஒன்றை உரித்து வளையுங்கள். மைக்கா விட்டதும் பழையபடி நிமிரும். நகத்தால் கீறக்கூடிய இன்னொரு தகட்டுக் கனிமம் ஜிப்சம், அது வளைந்தபடியே நிற்கும் அல்லது முறியும். மூன்று சோதனைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும்.

ராணிப்பேட்டை லதா:
ஒரு சொட்டு ஆசிட் விட்டால் கால்சைட்டா இல்லையா என்று உடனே தெரிந்துவிடுமே, நுரைத்துப் பொங்கும்.

மலையடிவாரம்:
குழந்தை இருக்கும் வீட்டில் ஆசிட் வேண்டாம் அக்கா. கல்லைச் சுரண்டித் தூளாக்கி எலுமிச்சைச் சாறு விட்டாலே கால்சைட்டுக்கு நுரை தெரியும். இன்னொன்று, ஆசிட்டில் பொங்காதது எல்லாம் கார்பனேட் (கால்சைட்டின் வகை) இல்லை என்றும் சொல்ல முடியாது. சேலத்து மேக்னசைட் கார்பனேட்தான், ஆனால் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் கிட்டத்தட்ட அசையாது, சூடாக்க வேண்டும்.

வீட்டில் சமையல் தராசு இருந்தால் அடர்த்தியும் பார்க்கலாம். கல்லை எடை போடுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியில் தொடக் கூடாது. தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. முதல் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71, ஜிப்சம் 2.3. ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையும், சட்டென்று எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

அயனி:
பேச்சுவாக்கில் ஒன்று. குவாரிக்காரன் குவார்ட்ஸைச் சிலிகேட் என்றார். அது ஆக்சைடு. ஒரு சிலிக்கானுக்கு இரண்டு ஆக்சிஜன், வேறு எதுவும் இல்லை. ஸ்ட்ரன்ஸ் என்ற கனிமவியலாளரின் வகைப்பாட்டில் ஆக்சைடுகளோடுதான் இருக்கிறது.

குவாரிக்காரன்:
அமெரிக்கக் கனிமவியலாளர் டேனா தொடங்கிய வரிசையின் புதிய பதிப்பில் சிலிகேட்டுகளோடு இருக்கிறது. எந்த ஆசிரியரைக் கேட்டாலும் ஃபெல்ஸ்பார் என்ற சிலிகேட்டுக்குப் பக்கத்தில்தான் வைப்பார்.

அயனி:
பக்கத்தில் வைப்பது வசதிக்காக. கனிமங்களை எதிர்மின் அயனியை (ஆக்சைடு, சல்பேட் போன்ற பகுதியை) வைத்துப் பிரிப்பதென்று முடிவான பிறகு அதில் விதிவிலக்கு எதற்கு? டேனாவே 1837 முதல் பதிப்பில் செடிகொடிகளைப் போல லத்தீன் பெயரிட்டுத்தான் கனிமங்களை அடுக்கினார். 1850இல் அதைக் கைவிட்டு வேதியியலுக்கு மாறினார். அந்த நேர்மை வேண்டும்.

மூன்றாம் தளம்:
வேதியியல் மட்டும் போதும் என்றால் வைரமும் கிராஃபைட்டும் ஒரே கனிமமாகிவிடும். ஒன்று 10, இன்னொன்று விரலில் ஒட்டும். உள்ளமைப்பும் சேர்ந்தால்தான் வகைப்பாடு. குவார்ட்ஸில் ஒவ்வொரு சிலிக்கானைச் சுற்றியும் நாலு ஆக்சிஜன், இப்படி ஒரு சிலிக்கானும் நாலு ஆக்சிஜனும் சேர்ந்தது ஒரு நான்முகி, அந்த நாலும் பக்கத்து நான்முகிகளோடு பங்கு. ஃபெல்ஸ்பாரிலும் அதே சட்டகம்தான். சில இடத்தில் அலுமினியம் ஏறியதால் மின்சுமையை ஈடுகட்ட பொட்டாசியம், சோடியம், கால்சியம் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அமைப்பைப் பார்த்தால் இவை உடன்பிறந்தவை. நான் சிலிகேட் பக்கம்.

அயனி:
அப்படியானால் ஸ்ட்ரன்ஸ் அமைப்பைப் பார்க்கவில்லையா? அவர் வகைப்பாடே வேதியியல், அமைப்பு இரண்டையும் சேர்த்ததுதான். தனி இழை போடுகிறேன், அங்கே வாருங்கள்.

அப்பிரகம்:
தகட்டை வளைத்தாரா என்று யாராவது கேளுங்கள். நிமிர்ந்திருந்தால் மைக்காதான்.

செவந்தி அப்பா:
துடைத்தால் கோடு போய்விட்டது. நகத்தால் கீறினால் கல்லில் கீறல் விழுகிறது. தகடு வளைந்து அப்படியே நின்றது, பிறகு முறிந்தது. எடை 46, தண்ணீரில் 20. மச்சான் காரையில் எடுத்தாராம், பெரம்பலூர் மாவட்டம்.

மலையடிவாரம்:
46ஐ 20ஆல் வகுத்தால் 2.3. ஜிப்சம். காரை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிக் கேள்வி மிச்சம் சார்! அந்தச் செம்மண் மேட்டுப் பள்ளத்தாக்கெல்லாம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலடிக் களிமண். அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரின் புதைபடிவங்கள் கிடைக்கும் இடம். களிமண்ணுக்குக் குறுக்கே ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடும், நாராகவும் இருக்கும், உங்களுடையதைப் போலத் தெளிந்த தகடாகவும் இருக்கும். இத்தகைய களிமண்ணில் இருக்கும் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் தரும். அது சிப்பிச் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகும்.

சீட்டில் இப்படி எழுதலாம்: ஜிப்சம். சல்பேட் வகை. நீரேறிய கால்சியம் சல்பேட். மோஸ் அளவில் 2. அப்புறம், கண்காட்சியில் பாப்பா நகத்தால் கீறிக் காட்டட்டும், பார்க்கிறவர்கள் மறக்க மாட்டார்கள். சிமென்ட் உடனே இறுகிவிடாமல் இருக்க இதைத்தான் சேர்த்து அரைக்கிறார்கள் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

அப்பிரகம்:
46, 20 என்று ஒரு கிராம் தராசில் பார்த்ததை நம்பலாமா?

மூன்றாம் தளம்:
20 என்பது 19 ஆக இருந்தாலும் 2.4, 21 ஆக இருந்தாலும் 2.2. மஸ்கோவைட் மைக்கா 2.8 பக்கம். எட்டாது. தகடும் நிமிரவில்லை.

செவந்தி அப்பா:
எழுதியாச்சு. எல்லோருக்கும் நன்றி.

ராணிப்பேட்டை லதா:
அண்ணா, அதே இடத்தில் மச்சானுக்கு நார் மாதிரி ஜிப்சமும் கிடைத்ததா? இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுக்குப் புரியும்.

குவாரிக்காரன்:
அயனி சார், இழை போட்டாச்சா? இணைப்பு தாருங்கள். குவார்ட்ஸின் அதே வேதியியல் கொண்ட டிரிடிமைட்டையும் கிறிஸ்டோபலைட்டையும் எங்கே வைப்பீர்கள் என்று கேட்க வேண்டும்.