வெட்டு நேரத்து ஞாயிறு: வட்டைக்கா, கோயிலுக்கா?

படுவான்கரையான்: பெரும்போக நெல் வெட்டில் ஞாயிறும் வயலுக்குள் அறுவடை மிசின் இறக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. ‘விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக’ என்று யாத்திராகமம் 34:21 நேராகவே சொல்கிறது. வேலை குறைந்த மாதத்தில் யாரும் ஓய்வார்கள்.

கல்லாறு எபி: அண்ணன், மிசின் நம்மட வசதிக்கு வராது. வட்டைக்குள் (சேர்ந்து கிடக்கிற வயற்பரப்புக்குள்) இறங்கினால் வயலுக்கு வயல் வெட்டிக்கொண்டே போகும். முறையை விட்டால் அடுத்த வட்டைக்குப் போய்விடும். முற்றின கதிர் மணி கொட்டும். ஒரு மழை விழுந்தால் பயிர் சாயும், மிசினும் புதையும். துரவில் விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்குவீர்களே என்று லூக்கா 14:5இல் ஆண்டவரே கேட்கிறார்.

படுவான்கரையான்: தம்பி, எருது விழுவது தற்செயல். வெட்டு அப்படியில்லை. மூன்றரை மாத நெல் என்றால் விதைக்கும்போதே வெட்டு வாரம் தெரியும். நூற்றுக்கு 80–85 மணி பழுத்தால் பதம். அதற்கு 7–10 நாள் முன்பே வக்கடையை (வரம்பில் தண்ணீர் போகிற வாயை) திறந்து தண்ணீரை வடிக்க வேணும். பிந்தி வடிக்கிற வயலில்தான் மிசின் புதைந்து, வெட்டு ஞாயிறுவரை இழுபடுகிறது. வடிக்கிற அன்றே மிசின்காரரிடம் கிழமையைப் பேசி முடிக்கலாம்.

ரூத்: இரண்டு பேரும் மிசினோடு நின்றுவிட்டீர்கள். வெட்டின நெல்லில் ஈரம் 20 வீதத்துக்கு மேல் இருக்கும். குவித்து வைத்தால் சூடேறி அரிசி மஞ்சளாகும், விதைநெல்லுக்கும் உதவாது. 24 மணித்தியாலத்துக்குள் படங்கில் (நெல் காயவைக்கிற விரிப்பில்) 2–4 சென்ரிமீற்றர் கனத்தில் பரப்பி, அரை மணிக்கொருக்கால் கிளற வேணும். களஞ்சியத்தில் வைக்க 14 வீதத்துக்கு இறங்க வேணும். சனிக்கிழமை வெட்டிவிட்டு ஞாயிறு ஓய்வு என்றால், படங்கில் வெயிலுக்குள் நிற்பது யார்? அநேகமாக வீட்டுப் பெண்கள். யாத்திராகமம் 23:12 வேலைக்காரியின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்கிறது. வியாழனுக்குள் வெட்டி முடியுங்கள். முடியாவிட்டால் விலை குறைந்தாலும் ஈரநெல்லாக வயற்கரையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கல்லாறு எபி: அக்கா சொல்வது நியாயம். ஆனால் விலை விழுந்த போகத்தில் ஈரநெல்லுக்கு இன்னும் கழித்தால் பயிர் மருந்துக்கடைக் கடன் அடைபடாது. வேறு வழி இருக்கிறது. பனி காயாமல் மிசின் இறங்காது, ஈர வைக்கோல் உள்ளே சுற்றி அடைக்கும். 9 மணிக்கு முன் எப்படியும் வெட்டு இல்லை. வெட்டு மாதத்தில் ஆராதனையை 6.30க்கு வைத்தால் போதுமே.

படுவான்கரையான்: அது ஆராதனைக்கு நேரம். ஓய்வு எங்கே? மூட்டை தூக்குகிறவர் ஆறு நாளும் தூக்கிவிட்டு ஏழாம் நாளும் தூக்குவார்.

கல்லாறு எபி: அப்படியென்றால் பக்கத்து வயல்காரரோடு முறை மாற்றலாம். அம்பாறைப் பக்கம் முஸ்லிம் விவசாயி வெள்ளி ஜும்மாவுக்குப் போகவேணும். ஞாயிறு அவருக்கு, வெள்ளி நமக்கு.

ரூத்: வெள்ளி வெட்டினால் சனி ஒரு வெயில்தான். முகில் போட்டால் ஞாயிறும் படங்குதான், தம்பி. மாற்றுவதென்றால் புதனுக்கு மாற்றுங்கள்.

படுவான்கரையான்: மிசின் ஓட்டுகிறவருக்கு எந்த நாள் ஓய்வு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.